கிமோனோவைப் பிறர் உதவியின்றி உடுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானியரின் மரபு உடையான கிமோனோவில் பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, ஊக்கும் குத்துவதில்லை. நேர்கோட்டில் வெட்டித் தைத்த அந்தத் துணியை உடம்போடு பிடித்து நிறுத்துபவை நாடாக்களே. ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரே ஒரு வேலை உண்டு. அந்த வேலையை அது செய்யாவிட்டால், அடுத்த அடுக்கு எவ்வளவு அழகாக அமைந்தாலும் அரை மணி நேரத்தில் எல்லாம் குலையும். கியோட்டோவில் வாராந்திர வகுப்பொன்றில் தட்டுத்தடுமாறிக் கற்று, பிறகு அங்கு குடிவந்த நம் பெண்கள் சிலருக்குக் கற்றுக்கொடுத்த நாட்களில், அனைவரும் ஒரே தவறைச் செய்வதைக் கண்டேன்: உள்ளடுக்கில் நேர்ந்த கோணலை மேலடுக்கை இழுத்துச் சரிசெய்ய முயல்வது. அது ஒருபோதும் நடப்பதில்லை.

கீழுள்ள படிகள், உடல் முழுவதும் சிறு வடிவங்கள் அச்சிட்ட ‘கோமோன்’ எனும் அன்றாடக் கிமோனோவையும், ‘நாகோயா ஒபி’ எனும் இடைக்கச்சையையும், முதுகில் சதுரமாக அமரும் ‘தைக்கோ’ முடிச்சையும் கொண்டு எழுதப்பட்டவை. யுகாதா எனும் மெல்லிய கோடைக்காலக் கிமோனோவில் தொடங்கினால் எளிதுதான்; ஆனால் யுகாதாவுக்குள் பொதுவாக உள்ளங்கி இல்லாததால், கிமோனோவின் கடினமான பகுதியான கழுத்துப்பட்டியை அது கற்றுத்தராது. நீண்ட கையுடைய ஃபுரிசோதேயைத் தனியாக உடுத்தும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைப்பது நல்லது.

1. வாங்குமுன் அளவைச் சரிபாருங்கள்

பெண்களின் கிமோனோ கணுக்கால் வரையான அளவில் தைக்கப்படுவதில்லை. தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை அதன் நீளம் உடுத்துபவரின் உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். மிகுதித் துணி இடுப்பில் ‘ஒஹஷோரி’ எனும் மடிப்பாக அமையும். உங்கள் உயரம் 158 செ.மீ. என்றால் 153 முதல் 163 செ.மீ. வரை நீளமுள்ளது ஒத்துவரும். அதைவிடக் குட்டையானால் மடிப்பு விழாது. மிக நீளமானால் இடுப்பில் துணி பொதியாகத் திரளும்.

நீளத்தைக் காட்டிலும் முக்கியமானது ‘யுகி’. கையைப் பக்கவாட்டில் 45 பாகை அளவுக்கு உயர்த்தி, பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு எலும்பு வரை அளந்தால் கிடைப்பது அது. பழைய கிமோனோக்கள் பெரும்பாலும் யுகி குறைந்தவை. கியோட்டோவில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் நாள் தோஜி கோயிலிலும், 25ஆம் நாள் கிதானோ தென்மங்கு ஆலயத்திலும் கூடும் சந்தைகளில் சில ஆயிரம் யென்னுக்கே நல்ல பட்டுக் கிமோனோ கிடைக்கும். நிறத்தைக் கண்டு மயங்கி அளவுநாடாவை எடுக்க மறந்து, முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடியும் கையோடு வீடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி.

உள்ளங்கியான நாகஜுபானையும் அதே கிமோனோவோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். அதன் யுகி கிமோனோவைவிட 1 செ.மீ. அளவு குறைவாகவும், கையின் தொங்கு நீளம் ஏறக்குறைய ஒன்றாகவும் இருப்பது அவசியம். தொங்கு நீளத்துக்கு இன்று வழக்கிலுள்ள பொது அளவு 49 செ.மீ. இவை பொருந்தாவிட்டால் உள்ளங்கி கை வழியே எட்டிப்பார்க்கும். அதை உடுத்தும் முறையால் மறைக்க முடியாது.

2. எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வையுங்கள்

தேவையானவை இவை: தாபி எனும் பெருவிரல் பிரிந்த காலுறை ஒரு சோடி, உடலோடு ஒட்டிய மேலுள்ளாடையும் இடுப்புத்துணியும், நாகஜுபான், அதன் கழுத்துப்பட்டிக்குள் செருகும் விறைப்பான பட்டையான எரிஷின், கோஷிஹிமோ எனும் நாடா 5, தாதேஜிமே எனும் அகலப்பட்டை 2, இரு முனையிலும் கிளிப் உள்ள மீள்பட்டையான கோரின் பெல்ட் 1, துணி கிளிப் 3, மெல்லிய துவாலை 3. ஒபிக்கெனத் தனியாக முன்பலகை, முதுகில் வைக்கும் சிறு திண்டு, திண்டை மறைக்கும் பட்டுத்துணியான ஒபிஅகே, எல்லாவற்றையும் இறுக்கும் கயிறான ஒபிஜிமே ஆகியவை வேண்டும்.

நாடா வாங்கும்போது வழுவழுப்பான பாலியஸ்டரைத் தவிர்த்து, கம்பளி மஸ்லினைத் தேர்ந்தெடுங்கள். பட்டின் மேல் பாலியஸ்டர் நழுவும். நழுவுகிறதே என்று மேலும் இறுக்குவீர்கள். கடைசியில் மூச்சுதான் முட்டும்.

இவற்றைக் கடைசியில் பயன்படுவது அடியிலும் முதலில் பயன்படுவது மேலேயும் வருமாறு, இடுப்பு உயரமுள்ள மேசையில் அடுக்கி வையுங்கள். தரையில் பரப்பி வைத்தால், பாதி உடுத்திய நிலையில் குனிந்து எடுக்கும்போது அதுவரை செய்ததெல்லாம் கலையும். முடி அலங்காரமும் ஒப்பனையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் பட்டு இழையில் சிக்கும் ஒரு கல் போதும்.

3. முந்தைய இரவே ஹான்எரியைத் தையுங்கள்

முகத்துக்கு அருகே வெள்ளையாகத் தெரியும் பட்டி கிமோனோவைச் சேர்ந்ததன்று. அது நாகஜுபானின் கழுத்துப்பட்டி மேல் தைக்கும் ‘ஹான்எரி’ எனும் தனித்துணி. வியர்வையும் ஒப்பனையும் படிவது இதில்தான் என்பதால், இதை மட்டும் பிரித்துத் துவைத்து மீண்டும் தைப்பார்கள்.

தையலை ஒரு முனையிலிருந்து தொடங்காமல், நடுமுதுகில் தொடங்கி இரு பக்கமும் செல்ல வேண்டும். வெளிப்புறம் பெரிய தையல்கள் போதும். கழுத்தைத் தொடும் உட்புறத்தில், நடுவிலிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய 10 செ.மீ. வரை துணியைச் சற்று இழுத்துப் பிடித்து நெருக்கமாகத் தையுங்கள். அந்த வளைவில் உட்புறத்தின் சுற்றளவு வெளிப்புறத்தைவிடக் குறைவு. இழுக்காமல் தைத்த துணி அங்கே சுருங்கி நிற்கும், மறுநாள் கண்ணாடியில் அதுதான் முதலில் கண்ணில் படும். இருபக்க ஒட்டுநாடாவைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. பட்டுக்கு அது வேண்டாம், பசை தங்கிவிடும்.

4. தாபியை முதலில் அணியுங்கள்

ஒபி கட்டிய பிறகு இடுப்பு வளையாது. தாபியின் உட்புறக் கொக்கிகளைக் கீழிருந்து மேலாக மாட்டுங்கள்; மேலிருந்து தொடங்கினால் கணுக்காலில் துணி இறுகிக் கடைசிக் கொக்கி எட்டாது. தாபியில் சுருக்கம் தெரியக்கூடாது என்பதால், காலணியைவிட அரை செ.மீ. சிறிய அளவைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

5. உடலை உருளையாக்குங்கள்

புடவை இடையின் வளைவைக் காட்டும் உடை. கிமோனோவுக்கு வளைவே பகை. நேரான துணி பள்ளமான இடத்தில் சுருங்கும், ஒபி அந்தப் பள்ளத்துக்குள் சரியும். ஆகவே இடுப்பின் இரு பக்கத்திலும் முதுகின் அடியிலும் உள்ள குழிவில் மடித்த துவாலையைச் சுற்றி, ஒரு நாடாவால் இலேசாகக் கட்டுங்கள். மார்பை உயர்த்திக் காட்டும் கம்பி வைத்த உள்ளாடைக்குப் பதில், தட்டையாக அணைக்கும் ஒன்றை அணிவது நல்லது; இல்லாவிட்டால் மார்பு ஒபியின் மேல் விளிம்பில் அமர்ந்து கழுத்துப்பட்டியைப் பிளக்கும். “இன்னும் குண்டாகத் தெரிய வேண்டுமா?” என்று கேட்காத மாணவி இல்லை. இந்தப் படியைத் தவிர்த்தவர்கள்தான் பிற்பகலில் ஒபியைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

6. நாகஜுபானில் கழுத்தை முடித்துவிடுங்கள்

கிமோனோவின் கழுத்து அமைப்பு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதால், நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் தகும். எரிஷினைச் செருகி, அங்கியைத் தோளில் போட்டு, கழுத்துப்பட்டியின் இரு முனைகளையும் முன்னால் சமமாகப் பிடியுங்கள். மற்றொரு கையால் நடுமுதுகுத் தையலைக் கீழே இழுத்து, பிடரிக்கும் பட்டிக்கும் இடையே ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளியை உண்டாக்குங்கள்.

அந்த இடைவெளியை ஒரு கையால் காத்துக்கொண்டே, வலப்பக்கத்தை உடலோடு ஒட்டி மடக்கி, அதன் மேல் இடப்பக்கத்தை வையுங்கள். இரண்டு பட்டிகளும் தொண்டைக்குழியை மறைத்துக் குறுக்கிட வேண்டும். உடுத்துபவரின் இடப்பக்கம் மேலே வருவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது விதி. வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. தன்படக் கேமரா இடவலத்தை மாற்றிக் காட்டக்கூடும் என்பதால் திரையைப் பார்த்துச் சரிபார்க்காதீர்கள்; வலக்கை பட்டியின் இடுக்கில் எளிதாக நுழைகிறதா என்று பாருங்கள்.

மார்புக்குக் கீழே ஒரு நாடாவைச் சுற்றுங்கள். இதை முடிச்சிடாமல், இரு முறை முறுக்கி, முனைகளை எதிர்த்திசையில் திருப்பிச் செருகினால் போதும். அதன் மேல் தாதேஜிமே. இப்போது கண்ணாடியில் பின்னங்கழுத்தைப் பாருங்கள். கோணலாக இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

7. கிமோனோவின் கீழ்ப்பாதி: நீளம், அகலம், நாடா

கிமோனோவைப் போட்டு, அதன் நடுமுதுகுத் தையலையும் ஜுபானின் நடுமுதுகையும் பொருத்தி, பிடரியில் இரு பட்டிகளையும் ஒரு கிளிப்பால் பிடித்துவையுங்கள். பிறகு இரு பக்கப் பட்டிகளையும் முன்னால் பிடித்துத் தூக்கி, கீழ் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்குமாறு இறக்குங்கள். இந்த உயரம் இனி மாறக்கூடாது.

அடுத்து அகலம். முதலில் மேலே வரப்போகும் இடப்பக்கத்தைச் சுற்றி, அதன் ஓரம் வலது இடுப்பெலும்பில் முடிகிறதா என்று அளந்து பாருங்கள். அளந்தபின் அதைத் திறந்து, வலப்பக்கத்தை உள்ளே மடக்கி, அதன் கீழ் முனையை ஏறக்குறைய 10 செ.மீ. தூக்குங்கள். அதன் மேல் இடப்பக்கத்தைக் கொண்டுவந்து முனையை 4 அல்லது 5 செ.மீ. தூக்குங்கள். முனைகளைத் தூக்குவதால் கிமோனோ கீழே போகப் போகக் குறுகித் தெரியும், நடக்கும்போது உள்முனை வெளியே வராது. அளந்து பார்க்காமல் நேரே உள்பக்கத்தைச் சுற்றத் தொடங்குபவர்களுக்குப் பக்கத் தையல் எங்கோ போய் நிற்கும்.

இப்போது கட்டப்போகும் கோஷிஹிமோதான் முழு உடையின் அடித்தளம். பாவாடை நாடாவைத் தொப்புள் மட்டத்தில் இறுக்கிப் பழகிய கை இங்கேயும் அங்கேதான் போகும். இதன் இடமோ இடுப்பெலும்புக்குச் சற்று மேலே. நாடாவின் நடுவை முன்னால் வைத்து, பின்னால் குறுக்கிட்டு, மூச்சை விட்டபடி இறுக்கி, நடுவிலிருந்து சற்று விலகி ஓர் அரைப்பூ முடிச்சு இடுங்கள். எல்லா முடிச்சுகளும் நடுவில் வந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வயிற்றில் அழுத்தும்.

உறுதியாக இறுக வேண்டியது இந்த ஒரு நாடாதான். மார்புக்குக் கீழே வருபவை துணியை அதன் இடத்தில் வைத்திருந்தால் போதும். தொடக்கத்தில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். நான் கற்பதற்கு முன், ஒரு வாடகைக் கடையில் இடுப்பைத் தளர்த்தியும் மார்பை இறுக்கியும் கட்டிவிட்டார்கள். கியோமிசு கோயிலுக்கு ஏறும் சரிவில் பாதி தூரத்தில் கண் இருண்டு, ஒரு தேநீர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஓரம் வேறு தரையில் புரண்டுகொண்டிருந்தது.

8. கிமோனோவின் மேற்பாதி: மடிப்பும் பட்டியும்

பெண்களின் கிமோனோவில் அக்குளுக்குக் கீழே மியாட்சுகுச்சி எனும் தைக்காத திறப்பு இருக்கும். அதன் வழியே இரு கைகளையும் உள்ளே விட்டு, இடுப்பு நாடாவின் மேல் தேங்கிய துணியை உள்ளங்கையின் விளிம்பால் முன்னும் பின்னும் கீழ்நோக்கி நீவுங்கள். அப்போதுதான் ஒஹஷோரி நேர்கோடாக விழும். ஒபி கட்டியபின் அதற்குக் கீழே ஓர் ஆள்காட்டி விரல் நீளம், அதாவது 6 அல்லது 7 செ.மீ., தெரிந்தால் சரியான அளவு. மிகுதியாக இருந்தால் உள்ளே மேல்நோக்கி மடித்து அடுத்த பட்டையில் பிடித்துவிடலாம்.

கிமோனோவின் கழுத்துப்பட்டி பிடரியில் பாதியாக மடிந்து, மார்பை நோக்கி வர வர அகன்று செல்ல வேண்டும். அதன் ஓரத்தில் ஹான்எரி 1.5 முதல் 2 செ.மீ. வரை இரு பக்கமும் ஒரே அளவில் தெரியட்டும். கோரின் பெல்ட்டின் ஒரு கிளிப்பை இடது அக்குள் திறப்பு வழியே உள்ளே விட்டு, அடியில் இருக்கும் வலப்பக்கப் பட்டியில் மாட்டுங்கள். பெல்ட்டை முதுகுப்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, மறு கிளிப்பை மேலே இருக்கும் இடப்பக்கப் பட்டியில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முதுகில் உள்ள சுருக்கத்தைப் பக்கங்களுக்கு நீவித் தள்ளி, தாதேஜிமே சுற்றி முடியுங்கள்.

9. ஒபியும் தைக்கோ முடிச்சும்

நாகோயா ஒபியின் நீளம் ஏறக்குறைய 3.6 மீட்டர். அதில் பாதி அகலமாக மடித்துத் தைத்த குறுகிய முனைக்குத் ‘தே’ என்றும், முழு அகலமுள்ள முனைக்குத் ‘தாரே’ என்றும் பெயர். தேயை இடது தோளின் மேல் போட்டு, அதன் நுனி முன்னால் ஒபியின் கீழ் விளிம்பு வரப்போகும் இடம் வரை தொங்குமாறு வைத்து, மீதியை உடலைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றுங்கள். இரண்டாம் சுற்றில் முன்பலகையைச் செருகுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கீழ் விளிம்பைப் பிடித்து இறுக்குங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இறுக்கினால் வயிற்றின் மேல்பகுதி நசுங்கும், அடிப்பகுதி தொளதொளவென்றே இருக்கும்.

தேயைத் தோளிலிருந்து இறக்கி, பக்கவாட்டில் முன்னே கொண்டுவந்து கிளிப்பால் நிறுத்துங்கள். முதுகில் தாரேயைச் சாய்வாக மேலே மடித்து, ஒரு தற்காலிக நாடாவால் கட்டுங்கள். அடுத்து, ஒபிஅகே சுற்றிய திண்டைத் தாரேயின் உட்புறத்தில் வைத்து, ஒபியின் மேல் விளிம்பில் முதுகோடு ஒட்ட ஏற்றி, அதன் கயிற்றை முன்னால் கட்டி ஒபிக்குள் ஆழமாக அமுக்குங்கள். திண்டுக்கும் முதுகுக்கும் இடையே விரல் நுழைந்தால், மாலைக்குள் முடிச்சு பின்னால் சாய்ந்துவிடும்.

இனி தொங்கும் தாரேயை, ஒபியின் கீழ் விளிம்பு மட்டத்தில் இரண்டாவது தற்காலிக நாடாவைக் கொடுத்து உள்ளே மேல்நோக்கி மடியுங்கள். கீழே வால் போல ஓர் ஆள்காட்டி விரல் நீளம் மிஞ்ச வேண்டும். கிளிப்பில் நிற்கும் தேயை எடுத்து இந்த மடிப்பின் ஊடாகச் செலுத்தி, இரு பக்கமும் 2 அல்லது 3 செ.மீ. வெளியே தெரியவிடுங்கள். தேயின் மேலேயே ஒபிஜிமே கயிற்றை ஓட்டி, முன்னால் இறுக்கிக் கட்டுங்கள். முழு முடிச்சையும் தாங்குவது இந்தக் கயிறுதான் என்பதால், இது கட்டியபின்பே தற்காலிக நாடாக்களை உருவ வேண்டும். கடைசியாக ஒபிஅகேயை முன்னால் கட்டி, மேல் விளிம்பில் சிறிதளவே தெரியுமாறு செருகுங்கள்.

முதல் முறை எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நாள்தோறும் உடுத்திப் பார்த்த ஒரு மாதத்தில் 30 நிமிடமானது. முதுகுக்குப் பின்னே கைகள் வேலை செய்வதைக் கண்ணாடி பார்த்துக் கற்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக் கற்றவர்களே விரைவில் தேறினார்கள்.

10. வெளியே இருக்கும்போது குலைந்தால்

பின்கழுத்து மூடிக்கொண்டால் பட்டியை இழுக்காதீர்கள். தனியிடத்தில் கிமோனோவின் பின்பக்கத்தைத் தூக்கி, ஜுபானின் முதுகுப்பகுதியைக் கீழே இழுங்கள். பிறகு தைக்கோவுக்கு அடியில் இருக்கும் ஒஹஷோரியையும் கீழே இழுங்கள். முன்கழுத்து தளர்ந்தால், உள்பட்டியை இடது அக்குள் திறப்பு வழியாகவும், மேல்பட்டியை ஒஹஷோரிக்குக் கீழே அதன் தொடர்ச்சியைப் பிடித்தும் இழுக்கலாம். கீழ் விளிம்பு இறங்கினால், ஒஹஷோரிக்குள் கைவிட்டு இறங்கிய துணியைக் கோஷிஹிமோவுக்கு மேலாக இழுத்துச் செருகுங்கள்.

கழிப்பறையில் முதலில் கிமோனோவின் தொங்கும் கைப்பகுதிகளை ஒபிஜிமேயில் செருகி, கிமோனோ, ஜுபான், இடுப்புத்துணி என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். இறக்கும்போது உள்ளிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். மொத்தமாகத் தூக்கினால் மொத்தமாகத்தான் கசங்கும்.

11. மரபு முறையில் எதற்கு எது

கிமோனோவின் தகுதியை விலை தீர்மானிப்பதில்லை, வகைதான் தீர்மானிக்கிறது. நூலுக்குச் சாயமேற்றி நெய்த த்சுமுகி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அன்றாட உடையே. அதை அணிந்து திருமணத்துக்குப் போவது பொருந்தாது. விருந்தினராகச் செல்லும்போது, தையல்களைத் தாண்டித் தொடர்ந்து செல்லும் சித்திரமுடைய ஹோமோங்கி ஏற்றது. ஐந்து குலச்சின்னங்களுடன் கீழ்ப்பகுதியில் மட்டும் சித்திரமுள்ள கரிய தோமேசோதே, மணமக்களின் தாய்மார்களுக்கும் நெருங்கிய உறவினருக்கும் உரியது. எதை உடுத்துவது என்று தெரியாத தேநீர்ச் சடங்குக்கு, சித்திரமில்லாத ஒற்றை நிற இரோமுஜி ஒருபோதும் தவறாகாது.

பருவ விதி இது: அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் ரோ, ஷா போன்ற ஊடு தெரியும் நெசவு. மே மாதம் இப்போதெல்லாம் வெப்பமாகிவிட்டதால், முறைசாரா இடங்களில் உள்துணி இல்லாததையே பலர் முன்கூட்டி உடுத்துகிறார்கள். மலர்ச் சித்திரங்கள் பருவத்தைச் சற்று முந்திவர வேண்டும். செர்ரி உதிரத் தொடங்கியபின் செர்ரிப்பூவை அணிவது காலந்தாழ்ந்ததாகக் கருதப்படும்.

12. புதுப் பாணியில் உடுத்த

மேற்சொன்னதைக் கற்றபின் எதை விடலாம் என்பது தானாகவே புலப்படும். முதலில் விடக்கூடியது திண்டும் தைக்கோவும். 15 முதல் 17 செ.மீ. அகலமுள்ள ஹன்ஹபா ஒபியைத் தட்டையான ‘கருதா’ முடிச்சாகக் கட்டினால் நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம், பாதிக் கருவிகள் தேவைப்படா. ஹான்எரிக்குப் பதில் பின்னல் லேஸ், ஜுபானுக்குப் பதில் கழுத்து மூடிய மெல்லிய பனியன், ஒபிஜிமேக்குப் பதில் தோல் பெல்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் நாடக வேடம் போலாகிவிடும். ஒரு நேரத்தில் இரண்டு மாற்றங்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

சந்தையில் ஏமாந்து வாங்கிய குட்டைக் கிமோனோவுக்கு இங்கேதான் வாழ்வு. ஒஹஷோரி மடிப்பு இல்லாமல் கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே நிறுத்தி, உள்ளே மடிப்புப் பாவாடை, காலில் பூட்ஸ் என அணியலாம்; கைக்குறையை நீண்ட கைச் சட்டை மறைக்கும். இடுப்பு நாடா இங்கும் அதே இடத்தில், அதே இறுக்கத்தில்தான். கிமோனோவையே தொட அஞ்சுபவர்கள், ஹவோரி எனும் மேலங்கியை மட்டும் வாங்கி ஜீன்ஸின் மேல் அணிந்து பார்க்கலாம். அது முன்புறம் திறந்தே இருப்பது என்பதால் கட்டும் வேலையே இல்லை.

13. கழற்றியபின்

கழற்றியவுடன் மடிக்காதீர்கள். உடல் ஈரம் போக, நிழலில் ஓர் இரவு நீண்ட கோலில் தொங்கவிடுங்கள். வாரக்கணக்கில் தொங்கவிட்டால் உள்துணி தொய்ந்து கீழ் விளிம்புக்கு வெளியே வந்துவிடும். கழுத்துப்பட்டியிலும் கீழ் ஓரத்திலும் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பட்டில் கறை இருந்தால் ஈரத்துணியால் தேய்க்காமல், உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டுக் கிமோனோ சலவை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மடிப்பதைத் தையல் கோடுகளின் மேலேயே செய்தால் புதிய மடிப்புத் தடம் விழாது. காகித உறையில் வைத்து, பூச்சி மருந்தைத் துணியில் படாமல் பெட்டியின் மேல் மூலையில் வையுங்கள். ரசகற்பூர உருண்டையையும் வேறு வகை மருந்தையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கக்கூடாது. இரண்டும் கலந்து உருகிப் பட்டில் படியும் கறை போகவே போகாது.